புதன்கிழமை அருவி

பண்ணையார் வீட்டு மாப்பிள்ளை தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பாறையை அண்ணாந்து பார்த்தார். நான்கு ஆள் உயரத்துக்குக் கறுப்பாக நின்றது பாறை. காலம்காலமாகத் தண்ணீர் இறங்கி வழவழப்பாகிப்போன நடுப்பகுதியில் ஒரு பச்சைக் கறை மட்டும் இருந்தது. கறையின் ஓரத்தில் ஓர் ஓணான் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

“இதுதான் அருவியா?” என்று கேட்டார்.

மெட்ராஸிலிருந்து அவரோடு வந்திருந்த நண்பர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். அதில் ஒருவர் தோளில் துண்டும் கையில் சோப்புப் பெட்டியுமாகக் குளிக்கத் தயாராக வந்திருந்தார். “எங்க வீட்டுக் குழாயே தேவலைப்பா” என்றார். மாப்பிள்ளையின் முகம் சிவந்துவிட்டது. மாமனார் ஊர் அருவியைப் பற்றி மெட்ராஸில் என்னென்ன அளந்திருந்தாரோ.

நான் பின்னால், அவர் மனைவி கமலாவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஆமாம், செருப்பைத்தான். உயரக் குதிகால் பாறையில் நிற்கவில்லை என்று கழற்றி நீட்டினாள். நானும் வாங்கிக்கொண்டேன். ட்ரெயினிங் முடித்துச் சர்ட்டிபிகேட் வாங்கிய டீச்சர் நான். இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கூட்டம் இருக்காதாம்

போன இரண்டு வாரமும் இந்தப் பத்திரிகையில் ட்ரெயினிங் பள்ளிக்கூட நாட்களை எழுதினேன். இந்த வாரம் என் முதல் வேலையைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க எழுதுவதாக இருந்தேன். என் தம்பி மகன் வந்து கெடுத்தான்.

அவனுக்குப் பாங்க்கில் வேலை. ஆபீஸ் நண்பர்களோடு எங்கோ ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்கி, பக்கத்திலிருக்கும் அருவிகளையெல்லாம் பார்த்துவிட்டு வந்திருந்தான். போட்டோக்களைக் காட்டினான். எல்லாம் அழகாகத்தான் இருந்தன. “வாரத்து நடுவுல போயிடணும் அத்தை. அப்பத்தான் கூட்டம் இருக்காது. செவ்வாய், புதன்ல போனா அருவி மொத்தமும் நமக்குத்தான்” என்றான்.

நான் போட்டோக்களைக் கீழே வைத்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அத்தைக்கு என்ன ஆயிற்று என்று அவன் முழித்திருப்பான். பாவம், அவன்மீது எந்தத் தப்பும் இல்லை. ஆனால் ‘அருவி மொத்தமும் நமக்குத்தான்’ என்ற பேச்சை நான் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அதனால் சிரிப்புக் கதையை ஒத்திவைத்துவிட்டு இதை எழுதுகிறேன். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்; பொறுக்க முடியாதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

சுண்ணாம்புத் தண்ணீர்

நான் பிறந்தது அரியலூருக்குக் கிழக்கே, முந்திரிக் காட்டுக்கு நடுவில். அப்பா மாதா கோயில் உபதேசியார், அதோடு பள்ளிக்கூட வாத்தியாரும் கூட. எங்கள் பக்கத்தில் எங்கே தோண்டினாலும் சுண்ணாம்புக் கல். கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. பானையின் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்திருக்கும். அதைச் சுரண்டி எடுக்கவே அம்மா ஒரு ஓட்டாஞ்சில் வைத்திருந்தாள். கோடையில் அக்கா தங்கை மூன்று பேருக்கும் சேர்த்துக் குளிக்க ஒரு குடம்தான். கடைசியில் குளிக்கிறவளுக்கு அடிக் கலங்கல். மூன்று பேரில் நான் நடு. ஆனாலும் எப்படியோ கலங்கல் எனக்கே வந்து சேரும்.

தண்ணீர் மேலிருந்து விழும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். பார்த்ததில்லை.

பத்தொன்பதாவது வயதில் எனக்கு வேலை கிடைத்தது. பெரம்பலூருக்கு மேற்கே, பச்சைமலை அடிவாரத்தில் ஓர் ஊர். ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. பண்ணையாரின் பெரிய வீட்டுப் பேரன்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், பத்திரிகையும் படிப்பார்கள். உலகச் சண்டை முடிந்த சமயம். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்கள் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தன. பெரம்பலூர் போய் இறங்கியபோது என் வெள்ளை ரவிக்கை சாம்பல் நிறமாக இருந்தது.

ஊரில் நஞ்சையில் முக்கால்வாசி ஒரே பண்ணைக்குச் சொந்தம். பள்ளிக்கூடத்தை நடத்தியதும் பண்ணையார்தான். இரண்டு அறை, நான்கு பெஞ்சு, நாற்பது பிள்ளைகள், நான் ஒருத்தி. தங்குவதற்கு மலையடித் தெருவில் செல்லம்மா வீட்டின் பின்கட்டைக் காட்டினார்கள்.

செல்லம்மாவுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். புருஷன் சண்டைக்கு முன்னால் ரங்கூன் போனவன். சண்டையில் பர்மாவிலிருந்து நடந்தே ஊர் திரும்பினார்களே, அந்தக் கூட்டத்தில் அவன் இல்லை. இருக்கிறானா இல்லையா என்று தெரியாததால் இவள் தாலியைக் கழற்றவில்லை. அதைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் போதும், அன்று தெருவுக்கே தூக்கம் கிடையாது. அப்படிப்பட்ட வாய். என்னிடம் மட்டும் மரியாதையாக ‘டீச்சரம்மா’ என்பாள். என் தலையணை உறையைக்கூட அவளே துவைத்துப் போடுவாள், வேண்டாமென்றாலும் கேட்க மாட்டாள்.

மலையடியில் அவளுக்கு ஒரு துண்டு நிலம். பண்ணைக்குச் சொந்தமான சரளைமேடு அது. கல் பொறுக்கி, வரப்புப் போட்டு, மூன்று வருடம் முதுகொடியப் பாடுபட்டு அதை வயலாக்கியிருந்தாள். கொடுக்கும்போது பண்ணையில் சொன்ன பேச்சு இதுதான்: விளைகிற வரைக்கும் நீ வைத்துக்கொள், விளையாவிட்டால் வேறு ஆளுக்குப் போகும். அந்த வருடம்தான் அதில் முதல்முறையாக நெல் நட்டிருந்தாள். மழை பிந்தியதால் நடவும் பிந்திவிட்டது. தை பிறந்து ஊரெல்லாம் அறுத்து முடித்திருக்க, இவள் வயலில் அப்போதுதான் கதிர் வந்து பால் பிடித்துக்கொண்டிருந்தது.

காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது ஒரு கதிரைக் கொண்டுவந்து நீட்டுவாள். “நசுக்கிப் பாருங்க டீச்சரம்மா, பாலு வருதா பாருங்க” என்பாள். நான் நசுக்கிப் பார்த்து, வருகிறது என்பேன். மறுநாளும் கொண்டுவருவாள்.

துணி வீடு

மாப்பிள்ளையின் கூத்து ஆரம்பித்தது அப்போதுதான்.

அவருக்கு மெட்ராஸில் ஏதோ கம்பெனி. சண்டை முடிந்து ராணுவம் ஏலம் போட்ட கூடாரங்களில் மூன்றை எடுத்திருந்தார். எடுத்ததை எங்காவது விரித்துப் பார்க்க வேண்டுமே. மாமனார் ஊரில் ஏரி இருக்கிறது, மலை இருக்கிறது, மலையில் அருவிகள் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை வந்து வெள்ளிக்கிழமை வரை ஏரிக்கரையில் கேம்ப் என்று முடிவாயிற்று. ஏன் வார நடுவில்? சனிக்கிழமை கிண்டியில் குதிரைப் பந்தயம். அதற்குத் திரும்பிவிட வேண்டும்.

ஊருக்கு ஒன்றும் புரியவில்லை. கூப்பிடு தூரத்தில் பண்ணையாரின் மச்சு வீடு இருக்கிறது. அதில் ஊஞ்சலும் தேக்குக் கட்டிலும் இருக்கின்றன. அதை விட்டுவிட்டு ஏரிக்கரையில் துணியைக் கட்டிக்கொண்டு எதற்குப் படுக்க வேண்டும்?

“வூடு வாசல் இல்லாதவன்தான் ஏரிக்கரையில படுப்பான். இவங்களுக்கு என்ன கேடு?” என்று கேட்டாள் செல்லம்மா.

திங்கட்கிழமையே பண்ணை ஆள் பள்ளிக்கூடத்துக்கு வந்து நான்கு பெஞ்சுகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள். செவ்வாய்க்கிழமை வந்து என்னையே கூப்பிட்டான். கமலாவுக்குப் பெண் துணை வேண்டுமாம், நான் நான்கு நாள் கேம்ப்பில் இருக்க வேண்டுமாம், பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிடலாமாம். பெஞ்சுக்கும் எனக்கும் அவர்கள் வைத்திருந்த வித்தியாசம் ஒரு நாள்தான்.

கோபம் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நல்ல புடவையாகப் பார்த்து எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன். மடக்கு நாற்காலி, பிளாஸ்கில் டீ, கிராமபோன் பெட்டி. இதெல்லாம் என் கண்ணுக்குப் புதிது. என் கோபமெல்லாம் பிறகு வந்தது. வந்தது போகவே இல்லை.

கொரம்பு

மலையிலிருந்து இறங்கும் ஓடை, பாறையின் உச்சிக்கு வந்து அங்கிருந்து அருவியாக விழுந்து, கீழே ஓடி ஏரியில் சேரும். மழைக்காலத்தில் யாரும் அதைத் தடுப்பதில்லை. தை பிறந்து தண்ணீர் குறைந்ததும் பாறைக்கு மேலே ஓடையின் குறுக்கே கல், தழை, மண் போட்டு ஓர் அணை கட்டுவார்கள். அதற்குப் பெயர் கொரம்பு. கொரம்பு தேக்கும் தண்ணீர் பக்கவாட்டில் ஒரு வாய்க்கால் வழியாக மலையடி வயல்களுக்குப் போகும்.

மலையடியில் ஐந்து குடும்பம். திங்கள் முதல் வெள்ளி வரை ஆளுக்கு ஒரு நாள் முறை. புதன்கிழமை செல்லம்மாவுடையது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் கொரம்பின் வாயைத் திறந்துவிடுவார்கள். சனியும் ஞாயிறும் தண்ணீர் அருவியாக விழுந்து ஏரிக்குப் போகும். ஏரிக்குக் கீழே இருப்பதெல்லாம் பண்ணை நஞ்சை. ஆக ஐந்து நாள் ஐந்து ஏழைகளுக்கு, இரண்டு நாள் பண்ணைக்கு. யார் போட்ட ஏற்பாடோ, யாரும் மீறியதில்லை. சனி ஞாயிறில் ஊர்ப் பிள்ளைகள் அருவியே கதி என்று கிடப்பார்கள். புதன்கிழமை அங்கே ஓணான்தான் இருக்கும். இது அந்த ஊரில் நடை பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

மாப்பிள்ளைக்குத் தெரியாது. பண்ணையாருக்குத் தெரியும், வேலையாட்களுக்குத் தெரியும். ஆனால் பெரிய வீட்டு மாப்பிள்ளை ‘அருவிக்குப் போகிறோம்’ என்று சொன்னால், ‘இன்றைக்குத் தண்ணீர் இருக்காதுங்க’ என்று சொல்கிற பழக்கம் அந்த ஊரில் கிடையாது. ‘ஆகட்டும்ங்க’ என்பார்கள். எல்லோரும் ஆகட்டும் என்று சொல்லி வழியனுப்பி வைத்தார்கள்.

கொரம்பைப் பார்த்துக்கொள்ள ஒரு தண்ணீர்க்காரர் இருந்தார். பெயர் பெரியசாமி. வாய் திறப்பது, அடைப்பது, முறை பிசகாமல் வயலுக்கு வயல் தண்ணீர் கட்டுவது எல்லாம் அவர் வேலை. அறுவடையின்போது ஐந்து குடும்பமும் களத்தில் அவருக்கு நெல் அளக்கும். பொங்கல் முடிந்ததும் நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கொரம்பைக் காட்டினேன். அவர் பெருமையாகச் சுற்றிக் காட்டினார். வடக்கு ஓரத்தில், தழைக்கு அடியில், வெள்ளைக் கோடு ஓடிய ஒரு பாறாங்கல்.

“இதான் டீச்சரம்மா அடிக்கல்லு. இதை நெம்பிட்டா மொத்தமும் போயிடும். முறைக்காரங்க அஞ்சு பேரு, நான், அப்புறம் நீங்க. வேற யாருக்கும் தெரியாது.”

பிள்ளைகள் அப்போது நண்டு பிடிக்கப் போயிருந்தார்கள். எனக்கு மட்டும்தான் காட்டினார்; அப்படிக் காட்டியதைக் கடைசி வரை யாரிடமும் சொல்லவும் இல்லை. எத்தனையோ நாள் அதை நினைத்து நினைத்து எரிந்திருக்கிறேன். ஏன் ஐயா எனக்குக் காட்டினீர்கள்?

பதில் தெரிந்த பிள்ளை

அந்தப் புதன்கிழமைப் பாறைக்குத் திரும்புகிறேன்.

மாப்பிள்ளை அவமானத்தில் நிற்கிறார். நண்பர்கள் சிரிக்கிறார்கள். கமலா, “அப்பா இதைச் சொல்லவே இல்லையே” என்று முனகுகிறாள். வேலையாட்கள் இரண்டு பேரும் சாப்பாட்டுக் கூடையை இறக்க மர நிழலுக்குப் போயிருந்தார்கள்.

“தண்ணி இருக்குதுங்க” என்றேன் நான்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காலையிலிருந்து அப்போதுதான் அவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

“எங்க இருக்கு?” என்றார் மாப்பிள்ளை.

“மேலங்க. கொரம்பு கட்டி வாய்க்காலுக்குத் திருப்பியிருக்காங்க. சனி, ஞாயிறுதான் இங்க விழும்.”

“திறந்து விட முடியாதா?”

“வாய் ஒண்ணு இருக்குதுங்க. ஆனா அது வழியா மெதுவாத்தான் வரும். இங்க வந்து விழவே ரொம்ப நேரம் ஆகும்.”

“மொத்தமா வர்றதுக்கு வழி இல்லையா?”

“வடக்கு ஓரத்துல அடிக்கல்லுன்னு ஒண்ணு இருக்குதுங்க. வெள்ளைக் கோடு ஓடியிருக்கும். அதை நெம்பினா மொத்தமும் போயிடும்.”

எச்சரிக்கையாகத்தான் அதைச் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை முந்திக்கொண்டு கை தூக்குமே, அப்படித்தான் சொன்னேன். செருப்புத் தூக்கியவள் ஒன்றும் தெரியாதவள் இல்லை என்று அவர்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது. காட்டினேன்.

மாப்பிள்ளை வேலையாட்களைக் கூப்பிட்டு, கூடாரத்துக்கு முளை அடிக்கக் கொண்டுவந்த கடப்பாரை எங்கே என்று கேட்டார்.

“இன்னைக்குச் செல்லம்மா முறைங்க. நெல்லு பால் பிடிக்கிற சமயம்” என்றேன்.

“நாளைக்குப் பாய்ச்சிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அவர் கடப்பாரையோடு பாறைக்குப் பக்கத்துத் தடத்தில் ஏறினார்.

நாளைக்கு! நாளைக்கு வியாழன், அது வேறொரு குடும்பத்தின் முறை. கொரம்பே போய்விட்டால் யாருக்கும் எந்தக் கிழமையும் இல்லை. சரளை மண்ணில் தண்ணீர் ஏழு நாள் நின்றாலே அதிகம். பால் பிடிக்கும்போது காய்ந்தால் கதிர் முழுக்கச் சாவி, வெறும் உமி. இவ்வளவும் எனக்குத் தெரியும். ஓடிப் போய் அவர் கையைப் பிடித்திருக்க வேண்டும். கூச்சலாவது போட்டிருக்க வேண்டும். நான் செருப்போடு நின்றேன்.

சனிக்கிழமை வரை அவர் காத்திருந்தால் அருவி தானாகவே விழுந்திருக்கும், யாருக்கும் ஒரு சொட்டு நஷ்டமில்லாமல். அந்த இரண்டு நாள் தண்ணீர் அவர் மாமனாருடையதுதான். ஆனால் குதிரை காத்திருக்காது.

அரை மணி நேரம்

முதலில் தழை விழுந்தது. பிறகு மண்ணும் கல்லும், நான்கைந்து நண்டுகளும். ஓணான் ஓடிவிட்டது. அப்புறம் மலையே கனைத்தது போல ஒரு சத்தம். செந்தண்ணீர் பாறை முழுக்க அகலமாக இறங்கியது. நண்பர்கள் ஓவென்று கத்தினார்கள். மேலேயிருந்து மாப்பிள்ளை தொப்பியை ஆட்டினார். “அருவி மொத்தமும் நமக்குத்தான்டா!” என்று கூவினார். கொஞ்ச நேரத்தில் செம்மண் போய்த் தண்ணீர் வெள்ளையாகிவிட்டது.

கமலா என் கையைப் பிடித்து இழுத்தாள். நானும் போனேன்.

என் தலையில் தண்ணீர் விழுந்தது. ஒரு குடத்தில் மூன்று பேர் குளித்தவள் நான். தோளிலும் முதுகிலும் விழுந்துகொண்டே இருந்தது, தீரவில்லை. நான் சிரித்தேன். வாய்விட்டு, சின்னப் பிள்ளை போலச் சிரித்தேன். செல்லம்மாவின் வயலை அந்த நிமிஷம் சுத்தமாக மறந்துபோனேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

நிமிர்ந்து பார்த்தபோது பாறை உச்சியில் இரண்டு தலை தெரிந்தது. வாய்க்காலில் தண்ணீர் நின்றதும் என்னவோ ஏதோ என்று மேலே ஓடி வந்திருக்கிறார்கள், செல்லம்மாவும் பெரியசாமியும். அவள் கையில் மண்வெட்டி. என்னைப் பார்த்தாளா, தெரியவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கமலாவின் பின்னால் போய் நின்றேன்.

அரை மணி நேரம்தான். தேங்கியிருந்த தண்ணீர் வடிந்ததும் அருவி கையகலமாகச் சுருங்கி, கயிறு போல ஒழுகியது. “அவ்வளவுதானா?” என்று கேட்டார் சோப்புப் பெட்டிக்காரர். அவருக்கு இன்னும் முதுகு தேய்த்து முடியவில்லை.

குடம்

வியாழக்கிழமை வண்டி கட்டிக்கொண்டு மலையின் அந்தப் பக்கம் இருக்கும் இன்னொரு அருவிக்குப் போனோம். அது காட்டுக்குள் இருந்தது, யாருடைய வயலுக்கும் போகாத தண்ணீர். நன்றாகவே விழுந்தது. நான் தலைவலி என்று வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏரிக்கரையில் கூடாரத்துக்கு முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்தோம். எனக்கும் ஒரு மடக்கு நாற்காலி. அப்போது செல்லம்மா குடத்தோடு வந்தாள். பின்னால் மலையடித் தெருப் பெண்கள் மூன்று பேர். ஏரியில் இறங்கி மொண்டு, தலையில் ஏற்றி, எங்களைத் தாண்டி மேட்டில் ஏறிப் போனார்கள். வயல் அரை மைல். திரும்பி வந்தார்கள். மறுபடி மொண்டார்கள். முந்தின நாள் முழுக்க அப்படித்தான் சுமந்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. கொரம்பை மறுபடி கட்ட ஆண்கள் மேலே போயிருந்தார்கள். அடிக்கல் பாறைக்குக் கீழே உருண்டு பிளந்து கிடந்தது. ஏழெட்டு நாளாவது ஆகும்.

“எவ்வளவு அழகா வரிசையாப் போறாங்க பாருங்க! ஒரு போட்டோ எடுங்க” என்றாள் கமலா.

மாப்பிள்ளை காமிராவை எடுத்தார். எடுக்கவும் எடுத்தார். அந்தப் படம் இன்னும் யார் வீட்டு ஆல்பத்திலோ இருக்கும். அழகான நாட்டுப்புறக் காட்சி என்று அவர்கள் பேரன்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கையில் இந்தப் பத்திரிகை கிடைத்தால் நல்லது. அந்தப் படத்தில் முன்னால் போகிறவளின் கழுத்து நரம்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

செல்லம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு எங்களிடம் வந்தாள். மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்க அவளால் முடியாது, நிலம் அவர்களுடையது. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

“டீச்சரம்மா, அடிக்கல்லு எதுன்னு இவங்களுக்கு யாரு காட்டிக் குடுத்தது? பெரியசாமி இல்லைன்னு சத்தியம் பண்றாரு. எங்க அஞ்சு வூட்டையும் அவரையும் விட்டா வேற யாருக்குங்க தெரியும்?”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். கமலா பார்த்தாள். இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று வேடிக்கை பார்த்தார்கள். என் கையில் டீ டம்ளர் இருந்தது.

“எனக்குத் தெரியலக்கா” என்றேன்.

அவள் கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. “அப்ப அந்த ஆளுதான்” என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

“கெட்டிக்காரிதான் நீ” என்றார் மாப்பிள்ளை.

அந்த மாப்பிள்ளையை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. கொரம்பை உடைத்ததற்குக்கூட ஒருவேளை மன்னித்திருப்பேன், தெரியாதவன் என்று. அந்த ஒரு வார்த்தைக்கு மன்னிக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை மத்தியானமே கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பெஞ்சு நான்கில் மூன்றுதான் திரும்பி வந்தது.

புது அரிசி

அடுத்த மாதம் பூசைக்குப் போனபோது பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம், “ஒரு பொய் சொன்னேன் சாமி” என்றேன். என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை, நானும் விவரம் சொல்லவில்லை. மாதாவை நோக்கி மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஒரு மனுஷனின் பிழைப்புக்கு விலை மூன்று பிரியதத்தம் என்றால் மலிவுதானே.

மாசிக் கடைசியில் அறுத்தார்கள். செல்லம்மாவின் வயலில் முக்கால்வாசி சாவி. குடத்தால் ஊற்றிய மூலை மட்டும் தேறியது. அந்த மூலையைக் காட்டி, விளைந்திருக்கிறது என்று வாதாடி, நிலத்தை அவள் விடாமல் பிடித்துக்கொண்டாள். அதே வாரத்தில் எனக்கு அரியலூர்ப் பக்கம் வேறு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. நான்தான் எழுதிப் போட்டுக் கேட்டிருந்தேன். ஓடிப் போகிறேன் என்று எனக்கே தெரிந்தது.

கிளம்புகிற அன்று காலையில், சாப்பிடாமல் பஸ் ஏறக்கூடாது என்று இலை போட்டுவிட்டாள். புது அரிசிச் சோறு, ஆவி பறந்தது. தவக்காலம், எனக்கு ஒருசந்தி, ஒரு வேளைதான் சாப்பாடு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அதற்கும் வாய் வரவில்லை. உட்கார்ந்தேன்.

“சாப்பிடுங்க டீச்சரம்மா. நீங்க தெனம் நசுக்கிப் பாத்த நெல்லு” என்று சொல்லி எதிரில் குந்தினாள். “நேத்து அந்தப் பெரியசாமி களத்துல வந்து நின்னான். துண்டை விரிச்சுக்கிட்டு, நெல்லு அளக்கச் சொல்லி. அஞ்சு வூட்லயும் ஒரு மணி போடல. கொரம்பை விட்டும் ஆளை மாத்தியாச்சு. பொண்டாட்டி பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்கயோ கல்லு வெட்டப் போறானாம். போகட்டும். அழுதான் டீச்சரம்மா. நான் காட்டல, நான் காட்டலன்னு மண்ணுல விழுந்து அழுதான். என் வயித்துல அடிச்சவனுக்கு நான் எதுக்கு இரங்கணும், நீங்களே சொல்லுங்க?”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

“என்ன, அதுக்குள்ள கையை எடுத்துட்டீங்க? இன்னும் கொஞ்சம் போடுறேன்.”

போட்டாள். அதையும் சாப்பிட்டேன்.